புலம்பெயர்ந்தோர் கற்கும் ஆங்கிலமும் நமது இலக்கியமும்

சுன்னாகம் சந்தையிலிருந்து புகையிரத நிலையம் நோக்கி நடப்பவர், மதில்களிலும் மின்கம்பங்களிலும் ஒரே வகையான விளம்பரங்களைக் காணலாம். ஐ.ஈ.எல்.ரீ.எஸ். பரீட்சைக்கு மூன்று மாதப் பயிற்சி, தாதியருக்கு விசேட ஆங்கிலம், வார இறுதி வகுப்பு, இரவு வகுப்பு. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் இவ்வகுப்புகளின் வாங்குகளில் வந்தமர்வோரிற் பலர் பள்ளிச் சிறுவரல்லர். தாதியர், கணக்காளர், பொறியியலாளர், என் போன்ற ஆசிரியர். பத்தும் பதினைந்தும் ஆண்டுகள் தொழில் செய்து தேர்ச்சி பெற்றவர்கள் கொப்பியும் பேனையுமாக மீண்டும் மாணவராகின்றனர். கடல் கடந்த பின்னரும் அந்த மாணவப் பருவம் முடிவதில்லை. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் ஒரு நேரம் கூலிவேலையும் மறுநேரம் ஆங்கில வகுப்புமாக, இழந்த தொழிலை மீட்க முயலும் தமிழரை நாம் எல்லோரும் அறிவோம். நமது வீடுகளிலிருந்து சென்றவர்களே அவர்கள்.

இத்துணைப் பரந்த ஒரு சமுதாய அநுபவத்தை நமது இலக்கியம் எவ்வாறு கண்டிருக்கிறது? இதுவே இக்கட்டுரை எழுப்ப விரும்பும் வினா. மொழி கற்றலைப் பற்றி எழுத என்ன இருக்கிறது, அது ஆசிரியரின் வேலையேயன்றி எழுத்தாளரின் வேலையன்று எனச் சிலர் கூறக்கூடும். ஆயின், ஒரு மனிதன் தன் உழைப்பை விற்கும் சந்தையில் எந்த மொழியில் பேரம் பேசுகிறான், யார் முன்னிலையில் நாக்குழறி நிற்கிறான் என்பவை இலக்கியத்துக்குப் புறம்பானவை என்றால், மனித வாழ்வில் இலக்கியத்துக்கு உரியது என்று எஞ்சுவது மிகச் சிலவே.

புலம்பெயர்ந்த தமிழரின் இலக்கியம் இன்று ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட வரலாறுடையது. எஸ். பொன்னுத்துரையும் இந்திரா பார்த்தசாரதியும் தொகுத்த ‘பனியும் பனையும்’ என்னும் சிறுகதைத் தொகுதி 1994இல் வெளிவந்தது. அந்த நூற்பெயரே இவ்விலக்கியத்தின் நெடுங்கால நோக்கைச் சுருக்கிக் காட்டுகிறது. ஒரு பக்கம் வந்து சேர்ந்த நாட்டின் பனி. மறு பக்கம் விட்டுவந்த ஊரின் பனை. இவ்விரண்டுக்குமிடையே நெஞ்சு ஊசலாடும். அந்த ஊசலாட்டம் உண்மையானது. அதைப் பாடியதற்காக எவரையும் நாம் குறைகூற வேண்டியதில்லை. ஆனால், பனிக்கும் பனைக்கும் நடுவே ஒரு தொழிற்சாலை இருக்கிறது. தொழிற்சாலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு வகுப்பறை இருக்கிறது. நினைவேக்கத்தின் பனிமூட்டத்தில் இவ்விரண்டும் பெரும்பாலும் மறைந்துபோயின.

ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) இத்திசையில் குறிப்பிடத்தக்க முன்னேற்றமாகும். அந்நாவல் அகதியொருவர் பிரெஞ்சு அதிகாரிகளுக்கு அனுப்பும் விண்ணப்பத்தோடு தொடங்குகிறது. தன் வாழ்வை அரசு விளங்கிக்கொள்ளும் மொழியிலும் வடிவிலும் எழுதிக் காட்டினாலன்றி ஒருவனுக்கு இருப்பே இல்லை என்ற நிலையை நாவலின் அமைப்பாகவே ஆக்கிய திறம் போற்றத்தக்கது. மொழி இங்கே அலங்காரமன்று. உயிர் பிழைப்பதற்கான பத்திரம். எனினும், விண்ணப்பம் ஏற்கப்பட்டபின் வருகின்ற நீண்ட ஆண்டுகள், அதாவது தொழிலைத் திரும்பப் பெறுவதற்காக மொழியோடு மல்லாடும் ஆண்டுகள், வேறொரு கதை. அக்கதையின் நாயகரான பட்டதாரிக் கோப்பை கழுவுநர், பொறியியலாளரான காவலாளி, தாதியான துப்புரவுத் தொழிலாளி ஆகியோர் நமது கதைகளில் தோன்றும்போது பெரும்பாலும் இரு வேடங்களில் ஒன்றையே அணிகின்றனர். ஒன்று, பிழையான ஆங்கிலம் பேசி நம்மைச் சிரிக்கவைக்கும் கோமாளி வேடம். மற்றது, விதியை நொந்து கண்ணீர் விடும் வேடம்.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. 1937இல் அமெரிக்க எழுத்தாளர் லியோ றொஸ்ரன், நியூயோர்க்கின் இரவுப் பாடசாலையொன்றில் ஆங்கிலம் கற்கும் ஹைமன் கப்ளன் என்ற யூதக் குடியேறியைப் பாத்திரமாக்கிய நூல் பெரும் புகழ் பெற்றது. ஆசிரியர் திருத்தத் திருத்த, கப்ளன் தன் போக்கிலேயே ஆங்கிலத்தைப் புதிதாகப் படைத்துக்கொண்டிருப்பார். அந்த நகைச்சுவையில் அன்பு உண்டு. கப்ளனின் தன்னம்பிக்கையை நூலாசிரியர் உளமார ரசிக்கிறார். ஆனால், சிரிப்பின் கோணம் எது என நாம் கேட்கவேண்டும். நாம் ஆசிரியரின் மேசைக்குப் பின்னால் நின்று மாணவனைப் பார்த்துச் சிரிக்கிறோம். மாணவனின் வாங்கிலிருந்து ஆசிரியரையும், பாடப்புத்தகத்தையும், மறுநாட் காலை வேலைத்தலத்தையும் பார்க்கும் கோணம் அங்கே குறைவு. நமது ஊரிலும் அந்நிய மொழிப் பிழையைக் கேட்டுச் சிரிக்கும் பழக்கம் ஆழ வேரூன்றியது. அதன் வேரைத் தேடுவதற்கு நாம் நம் சொந்த வரலாற்றுக்குத் திரும்பவேண்டும்.

யாழ்ப்பாணத்தான் ஆங்கிலத்தை நம்பிய அளவுக்குத் தெய்வத்தை நம்பியிருப்பானா என்பது ஐயமே. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியில் ஆங்கிலமூலம் உயர்கல்வி கற்பிக்கப்பட்டது. 1855இல் அது மூடப்பட்டதற்குக் கூறப்பட்ட காரணங்களில் ஒன்று நாம் சிந்திக்கத்தக்கது: ஆங்கிலம் கற்ற இளைஞர் மதப்பணியை நாடாது அரசாங்க உத்தியோகத்தை நாடிச் சென்றனர். கற்பித்தவர் ஒரு நோக்கத்தோடு கற்பித்தார்; கற்றவர் வேறொரு நோக்கத்தோடு கற்றார். அன்றுதொட்டு ஆங்கிலம் இங்கே மொழியாக அன்றி ஏணியாகவே இருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அந்த ஏணி மலாயாவரை நீண்டது. அங்குள்ள புகையிரதப் பகுதியிலும் தபாற் பகுதியிலும் திறைசேரியிலும் யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர் நிறைந்தனர். 1905இல் கொழும்பையும் காங்கேசன்துறையையும் முழுமையாக இணைத்த புகையிரதப் பாதை சுன்னாகத்தினூடாகவே சென்றது. அப்பாதை வெளியே கொண்டுசென்ற பொருள்களில் ஆங்கிலம் கற்ற இளைஞரும் ஒரு பொருள். ஏகாதிபத்தியத்துக்கு மலிவான எழுதுவினைஞர் தேவைப்பட்டனர். வளங்குன்றிய குடாநாடு அவர்களை விளைவித்துக் கொடுத்தது. ஏணியில் ஏற முடிந்தோர் யார், ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றோர் யார் என்பதைச் சாதியும் நிலவுடைமையும் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டன. ஆங்கிலப் பிழையைக் கேட்டுச் சிரிக்கும் நமது சிரிப்பு, உண்மையில், ஏணியின் மேற்படியில் நின்று கீழ்ப்படியைப் பார்க்கும் சிரிப்பாகும்.

அந்த ஏணி ஒருநாள் பிடுங்கப்பட்டது. 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டம் வந்தபின், அரச சேவையிலிருந்த தமிழர் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடைந்தாலன்றிச் சம்பள உயர்வு பெறமுடியாத நிலை உருவாயிற்று. எழுதுவினைஞர் சேவையைச் சேர்ந்த கோடீஸ்வரன் அப்பரீட்சைக்கு அமர மறுத்தார். 1962இல் அவரது சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. அவர் நீதிமன்றம் சென்றார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மேன்முறையீடுகளின் வழியே அவ்வழக்கு 1969இல் பிரிவிக் கவுன்சில்வரை சென்றது. அவ்வழக்கின் சட்ட நுணுக்கங்களை விட்டு அதன் மனிதப் பொருளை நோக்குவோம். ஒருவன் தன் வேலையைத் திறம்படச் செய்கிறான். ஆயினும் ஒரு மொழிப் பரீட்சை அவனுக்கும் அவனது ஊதியத்துக்கும் இடையே நிறுத்தப்படுகிறது. மொழிப் பரீட்சை என்பது அறிவை அளக்கும் கோல் மட்டுமன்று, ஆளை வடிக்கும் சல்லடையுமாகும் என்ற பாடத்தை இலங்கைத் தமிழன் அன்றே கற்றுவிட்டான். கற்றபின்னும், கடல் கடந்த நாட்டில் அதே சல்லடையை எதிர்ப்படும்போது அதனை அடையாளம் காணத் தவறுகிறான். “எனக்கு ஆங்கிலம் போதாது” என்று தன்னையே நொந்துகொள்கிறான்.

ஆங்கிலம் போதியவனுக்கு என்ன நேர்ந்தது? இவ்வினாவுக்கு விடையாக நமது அயலூரின் வழிவந்த ஒருவரின் வாழ்வே இருக்கிறது. சுன்னாகத்திலிருந்து சைக்கிளில் எளிதிற் சென்றடையக்கூடிய சண்டிலிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்டவர் அம்பலவாணர் சிவானந்தன். 1923இல் பிறந்தவர், தந்தையார் தபாற் சேவையாளர். கொழும்பில் ஆங்கிலமூலம் கற்று, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பொருளியற் பட்டம் பெற்று, மலையகத்தில் ஆசிரியராகவும் பின்னர் வங்கி முகாமையாளராகவும் இருந்தார். 1958ஆம் ஆண்டின் இனக்கலவரத்துக்குப் பின் குடும்பத்தோடு இலண்டன் சென்றார். அதே ஆண்டில் அங்கே நொட்டிங் ஹில் பகுதியில் கறுப்பு மக்களுக்கெதிரான வன்செயல் வெடித்தது. ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழியையொத்த மொழி. பட்டம் இருந்தது, வங்கியில் முகாமை செய்த அநுபவம் இருந்தது. இலண்டன் வங்கிகளின் கதவு திறக்கவில்லை. மிடில்செக்ஸ் பகுதி நூலகமொன்றில் தேநீர் கொடுக்கும் பணியே அவருக்குக் கிடைத்தது.

அந்தத் தேநீர்க் கோப்பையை நமது ஆங்கில வகுப்புகளின் மேசைமீது வைத்துப் பார்க்கவேண்டும். இலக்கணப் பிழையில்லை, உச்சரிப்புக் குறையில்லை, பரீட்சைப் புள்ளி குறைவில்லை. எனினும் கதவு மூடியிருந்தது. அப்படியானால் பூட்டாக இருந்தது மொழி மட்டுமன்று. நிறமும், முன்னைய காலனி நாட்டவன் இன்ன வேலைக்கே உரியவன் என்ற தீர்மானமும், மலிவான உழைப்பு தேவைப்படும் பொருளாதாரமும் சேர்ந்து செய்த பூட்டு அது. மொழி அப்பூட்டின்மீது ஒட்டப்பட்ட கண்ணியமான விளம்பரத்தாள்.

சிவானந்தன் அத்துடன் ஓய்ந்தாரல்லர். நூலகத்திலேயே இருந்து நூலகவியல் கற்றுத் தகைமை பெற்றார். 1964இல் இன உறவுகள் நிறுவனத்தின் நூலகரானார். 1972இல் நிறுவன ஊழியரும் உறுப்பினரும் சேர்ந்து, மேலிடத்து வர்த்தக நலன்களுக்குச் சார்பாயிருந்த நிர்வாகத்தை எதிர்த்து வென்றபோது அப்போராட்டத்தின் முன்னணியில் நின்றார். 1974 முதல் ‘றேஸ் அன்ட் கிளாஸ்’ என்ற சஞ்சிகையை வழிநடத்தினார். 2018 ஜனவரியில் மறைந்தார். தேநீர் கொடுத்தவர் தொழிலை மீட்டார் என்பதோடு கதை முடிந்திருந்தால் அது நமது விளம்பர மதில்களுக்கு ஏற்ற வெற்றிக் கதையாகியிருக்கும். அவர் வாழ்வின் பொருள் அதுவன்று. மீட்ட தொழிலை அவர் யாருக்காகப் பயன்படுத்தினார் என்பதே பொருள். புத்தகங்களையும் பத்திரிகை நறுக்குகளையும் திரட்டி வைக்கும் நூலகர் வேலையை, குடியேறித் தொழிலாளர் தம் நிலைமையைத் தாமே அறிந்துகொள்ளும் ஆயுதமாக மாற்றினார்.

அவரது கட்டுரைத் தொகுதியான ‘எ டிவறன்ற் ஹங்கர்’ (1982) என்ற நூலில், கறுப்பு அறிவாளியின் விடுதலையைப் பற்றிய கட்டுரையொன்று உண்டு. ஆள்வோனின் மொழியில் வல்லமை பெறுவது ஒருவனுக்கு அவ்வுலகத்துள் நுழையும் உரிமையைத் தருவதுபோலத் தோன்றினும், தன் மக்களிடமிருந்து அவனைப் பிரித்து இரண்டுங்கெட்டானாக்குகிறது என்ற உண்மை அங்கே ஆராயப்படுகிறது. பிரான்ஸ் வனோன் 1952இல் வெளியிட்ட தம் முதல் நூலின் தொடக்க அத்தியாயத்தை மொழிக்கே ஒதுக்கியதன் காரணமும் இதுவே.

இனி, அவரது நாவலுக்கு வருவோம். ‘நினைவு சாகும்போது’ எனப் பொருள்படும் பெயருடைய ‘வென் மெமறி டைஸ்’ 1997இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு எழுபது வயது கடந்திருந்தது. மூன்று தலைமுறைகளின் கதை அது. சண்டிலிப்பாய்க் கிராமத்திலிருந்து கொழும்புக்குச் சென்று தபாற் சேவையில் அமரும் சகாதேவனிலிருந்து தொடங்கி, தொழிற்சங்க இயக்கத்தின் எழுச்சியையும், அவ்வொற்றுமை இனவாதத்தால் சிதைக்கப்பட்டதையும் அது சித்திரிக்கிறது. யாழ்ப்பாணத்துக் கல்வி ஏணியைப் பற்றி மேலே கூறியவற்றை உயிருள்ள மனிதராக அங்கே காண்கிறோம். ஏணியில் ஏறி நகரம் சேர்ந்தவன், அங்கே உழைப்பாளரைச் சந்தித்து, தான் ஏறியது தன் குடும்பத்துக்காக மட்டுமா என்று தன்னையே கேட்கத் தொடங்குவதே சகாதேவன் பகுதியின் உயிர்நாடி. ஈழத்து வாழ்வை வர்க்க நோக்கோடு ஆங்கிலத்தில் எழுதிய நாவல்களுள் இதற்கு உயரிய இடம் உண்டு.

ஆயினும், விமர்சகன் ஒன்றைக் கேட்டே ஆகவேண்டும். இலண்டனில் தேநீர் கொடுத்த அந்த மனிதன் இந்நாவலில் எங்கே? நாவலின் களம் இலங்கை. குடியேறியின் வாழ்வைச் சிவானந்தன் கட்டுரைகளுக்கு ஒதுக்கினார். நாவலை ஊருக்கு ஒதுக்கினார். நாற்பதாண்டு இலண்டன் வாழ்வு அவர் சிந்தனையைச் செதுக்கியது. அவர் நாவலுக்கு வெளியே நின்றுவிட்டது. இத்துணைத் தெளிவான அரசியல் நோக்குடைய ஒருவரே இவ்வாறு பிரித்து வைத்தாரெனில், பனிக்கும் பனைக்குமிடையே நமது ஏனைய எழுத்தாளர் பனையையே நாடியதில் வியப்பில்லை. இது தனி எழுத்தாளரின் குறையன்று. ஊர் என்றால் இலக்கியம், வேலைத்தலம் என்றால் வெறும் பிழைப்பு என்று நாம் எல்லோரும் ஏற்றுக்கொண்டிருக்கும் ஒரு பிரிவினையின் விளைவு.

அந்த ‘வெறும் பிழைப்பினுள்’ இலக்கியம் இருக்கிறதா? எங்கள் பகுதிப் பாடசாலையொன்றில் பதினொரு ஆண்டுகள் பௌதிகவியல் கற்பித்த நண்பரொருவர் இன்று ரொறன்ரோவுக்கு அண்மையில் ஒரு களஞ்சியத்தில் இரவுப் பெட்டிகள் அடுக்குகிறார். காலையில் ஆங்கில வகுப்புக்குச் செல்கிறார். கனடிய அரசு 1992 முதல் புதுக் குடியேறிகளுக்குக் கட்டணமின்றி நடத்திவரும் வகுப்புத் திட்டத்தின்கீழ் அவருக்கு இடம் கிடைத்தது. அந்த வகையில் அது நல்ல ஏற்பாடே. அவர் அண்மையில் எழுதிய கடிதத்தில் ஒரு செய்தி என்னை வெகுவாகச் சிந்திக்கவைத்தது. வகுப்பில் அவருக்குப் பணிவான வேண்டுகோள் வாக்கியங்களைக் கற்பிக்கிறார்கள். களஞ்சியத்திலோ அவர் கேட்பவை அனைத்தும் ஏவல் வினைகள்: தூக்கு, வை, தள்ளு, விரை. “நான் கற்கும் ஆங்கிலத்தை என்னிடம் எவரும் பேசுவதில்லை, என்னிடம் பேசப்படும் ஆங்கிலத்தை எவரும் கற்பிப்பதில்லை” என்று எழுதியிருந்தார். தமிழிலக்கணத்தில் ஏவலும் வியங்கோளும் படித்த நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். யார் யாரை ஏவலாம், யார் யாரை வேண்டவேண்டும் என்பது இலக்கண நூல் வகுப்பதன்று, வர்க்கம் வகுப்பது.

அந்நண்பரின் மனைவி இங்கே தாதியாகப் பணியாற்றியவர். அங்கே முதியோரில்லமொன்றில் துப்புரவு வேலை. இருவரும் ஒரே காலத்தில் வகுப்புக்குச் சென்றால் பிள்ளைகளைப் பார்ப்பவர் இல்லை, வாடகைக்கும் வழியில்லை. “முதலில் இவர் எழும்பட்டும், பிறகு நான் படிக்கலாம்” என்று அவர் சொன்னாராம். ஐந்தாண்டுகள் சென்றுவிட்டன. தொழிலை மீட்கும் வெற்றிக் கதைகளின் அடித்தளத்தில் எத்தனை பெண்களின் தொழில் புதைந்திருக்கிறது என்று யார் எழுதுவது?

மொழி கற்றலின் நுட்பங்களுக்குள்ளும் சமுதாய உறவே மறைந்திருக்கிறது என்பதற்கு, மொழியியலறிஞர் ஜோன் கம்பர்ஸ் 1982இல் வெளியிட்ட நூலில் விவரிக்கும் நிகழ்ச்சியொன்று நல்ல சான்று. பிரித்தானியாவின் பெரிய விமான நிலையமொன்றின் ஊழியர் உணவுச்சாலையில் புதிதாகச் சேர்ந்த இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் மரியாதையற்றவர்கள் என்று முறையிடப்பட்டது. ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தபோது காரணம் ஒரே சொல்லில் இருந்தது. இறைச்சி எடுப்பவரிடம் ‘கிரேவி’ வேண்டுமா எனக் கேட்கவேண்டும். ஆங்கிலேயப் பணியாளர் அச்சொல்லின் முடிவில் குரலை உயர்த்துவார். அது வினாவாகக் கேட்கும். இப்பெண்கள் குரலைத் தாழ்த்தி முடித்தனர். அது ‘இது கிரேவி, வேண்டுமானால் எடு’ என்பதுபோல ஒலித்தது. அவர்களோ, தம்மைக் காரணமின்றி வெறுக்கிறார்கள் என்றே எண்ணியிருந்தனர்.

தமிழாசிரியனுக்கு இதில் ஒரு படி மேலாகவே பொருளுண்டு. நமது மொழியில் வினாப் பொருளைச் சொல்லின் ஈற்றில் நிற்கும் ஆகாரமும் ஓகாரமும் தாங்குகின்றன. ‘குழம்பா?’ என்று எழுத்தே கேட்டுவிடுவதால், வினாப்பொருளுக்காகக் குரலையே நம்பியிருக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் அந்த ஒற்றைச் சொல்லுக்கு வினா எழுத்து இல்லை, குரலே வினா. இதை எந்த வகுப்பும் சொல்லிக் கொடுக்காதபோது, ஒரு மொழியின் இலக்கணம் மற்றொரு மொழியில் குணக்கேடாக விளங்கிக்கொள்ளப்படுகிறது. ஆனால், இன்னொரு வினாவும் உண்டு. இரு தரப்புச் செவிகளுக்குமிடையே ஏற்பட்ட பிணக்கில், குற்றம் பரிமாறுபவளின் தலையில் மட்டும் விழுந்தது ஏன்? உணவு பெற வந்தவர் அவளது மொழி வழக்கைக் கற்கவேண்டும் என்று எவரும் எதிர்பாராதது ஏன்? கூலி பெறுபவள் கற்கவேண்டும். கூலி கொடுப்பவன் கற்கவேண்டியதில்லை. இங்கே ஒரு சிறுகதைக்கு வேண்டிய அனைத்தும் இருக்கின்றன.

பரீட்சைகளும் இவ்வாறே. ஐ.ஈ.எல்.ரீ.எஸ். பெறுபேறு பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கே ஏற்கப்படுகிறது. இரண்டாண்டுகளாக அந்த நாட்டிலேயே ஆங்கிலம் பேசி வேலை செய்த ஒருவனது ஆங்கிலம், மருந்துப் போத்தலைப்போலக் காலாவதியாகிவிடுகிறது; மீண்டும் பணம் கட்டி அமரவேண்டும். இதற்கு மாறாக, மருத்துவத் துறையினருக்கென 1980களில் அவுஸ்திரேலியாவில் உருவான ஓ.ஈ.ரீ. பரீட்சை, நோயாளியோடு பேசுதல், பரிந்துரைக் கடிதம் எழுதுதல் முதலான தொழிற் செயல்களையே அடிப்படையாகக் கொண்டது. தொழிலாளியின் தொழிலை மதித்து மொழியை அளப்பது இயலும் என்பதற்கு இது சான்று. ஆயினும், பரீட்சையைத் திருத்திவிட்டால் அநீதி ஒழியாது. சித்தியடைந்தபின் ‘கனேடிய அநுபவம் இல்லை’ என்ற அடுத்த கதவு காத்திருக்கிறது. அந்த நிபந்தனை முதற்றோற்றத்திலேயே பாரபட்சமானது என ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு 2013இல் கொள்கையாக வெளியிட்டது. அக்கொள்கை வெளிவந்ததே, கதவு அடைத்திருந்தது மொழியால் மட்டுமன்று என்பதற்கான ஒப்புதல். சிவானந்தன் 1958இல் அறிந்ததை ஓர் அரச நிறுவனம் எழுத்தில் வைக்க 55 ஆண்டுகள் சென்றன.

இவற்றையெல்லாம் கூறுவதால், ஆங்கிலம் கற்கவேண்டாம் என்று நான் சொல்வதாக எவரும் கொள்ளற்க. நமது முற்போக்கு அன்பரிடையே அவ்வாறு பேசுவோரும் சிலர் உளர். தம் பிள்ளைகளை ஆங்கில வகுப்புக்கு அனுப்பிவிட்டு ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் ஏகாதிபத்திய மொழி என்று போதிப்பது நேர்மையன்று. மருத்துவர் மருத்துவராகவும் ஆசிரியர் ஆசிரியராகவும் வாழ விரும்புவது பேராசையன்று. பயின்ற உழைப்பை வீணாக்காதே என்ற நியாயமான கோரிக்கை. ஆங்கிலத்தை ஐயந்திரிபறக் கற்கவேண்டும். எதற்காகக் கற்கிறோம் என்பதையும் அதனோடு கற்கவேண்டும்.

பிறேசில் நாட்டின் அங்கிக்கோஸ் என்ற சிற்றூரில் 1963இல் பவுலோ பிறெய்ரே நடத்திய எழுத்தறிவு வகுப்புகள் நமக்கு வழிகாட்டுவன. சுமார் 300 உழைப்பாளர் ஏறத்தாழ 40 மணி நேர வகுப்பில் எழுத்தறிவு பெற்றனர். அவரது முறையில் பாடம் ‘செங்கல்’ போன்ற தொழிற் சொல்லிலிருந்து தொடங்கும். செங்கல்லை எழுதப் பழகுபவன், அதை அடுக்குபவன் யார், அவ்வீட்டில் வாழ்பவன் யார் என்றும் பேசப் பழகினான். நமது ஆங்கில வகுப்புகளில் சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், மேலதிக நேரம், தொழிற்சங்கம் என்ற சொற்களிலிருந்து ஒரு பாடமாவது தொடங்குகிறதா? களஞ்சிய நண்பருக்கு ‘முடியாது’ என்று பணிவாகவும் உறுதியாகவும் சொல்லும் ஆங்கிலம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இதுவரை கிடைக்கவில்லை.

இலக்கியத்துக்கும் ஒரு முன்மாதிரி உண்டு. பேர்ட்டோல்ட் பிறெக்ட் 1940ஐ ஒட்டி, பின்லாந்தில் தாமே அகதியாக இருந்தபோது எழுதத் தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் 1961இல் நூலான ‘அகதிகள் உரையாடல்கள்’ என்ற படைப்பில் இருவர் ஹெல்சிங்கிப் புகையிரத நிலையச் சிற்றுண்டிச்சாலையில் சந்திக்கின்றனர். ஒருவர் பௌதிகவியலாளர், மற்றவர் தொழிலாளி. நாட்டில் இருந்திருந்தால் அவ்விருவரும் ஒரே மேசையில் அமர்ந்திருப்பார்களா என்பது ஐயம். அகதி வாழ்வு அமர்த்தியது. இதுவே நமது எழுத்தாளர் தவறவிட்ட அரிய தருணம். களஞ்சியத்தில் நமது பௌதிகவியல் ஆசிரியருக்கு அருகே பெட்டி அடுக்குபவன், ஊரில் அவர் வீட்டு முற்றத்துக்கு அப்பால் நிறுத்தப்பட்ட குடும்பத்தின் பிள்ளையாக இருக்கலாம். இருவருக்கும் ஒரே ஏவல் வினை, ஒரே ஊதியம். ஆங்கிலம் கற்றுத் தொழிலை மீட்டு ஆசிரியர் அவ்விடத்தைவிட்டு ஒருநாள் வெளியேறுவார். அன்று அவர் தன்னுடன் எதைக் கொண்டுசெல்வார்? பழைய மேற்படியின் சிரிப்பையா, களஞ்சியத்தில் கற்ற தோழமையையா? தேநீர் கொடுத்த நாளைச் சிவானந்தன் மறக்கவில்லை. ஆதலால் அவர் மீட்ட தொழில் அவருக்கு மட்டும் உரியதாகவில்லை.

எழுதவேண்டிய கதை இதுவே. பிழையான ஆங்கிலத்தைச் சிரிப்புக்கும், இழந்த பதவியைக் கண்ணீருக்கும் பயன்படுத்தியது போதும். இரவு வேலைக்கும் காலை வகுப்புக்கும் இடையே பஸ் வண்டியில் உறங்கி விழும் மனிதரை, அவரது வகுப்புக்காகத் தன் வகுப்பை ஒத்திவைத்த பெண்ணை, அவர்களது நாவில் தடுக்கி நிற்கும் ஒரு சொல்லின் பின்னாலுள்ள சமுதாயத்தை நமது எழுத்தாளர் காண்பாராக. ஈழத்து நவீன இலக்கியத்தை 1930 முதல் 1958வரை வளர்த்தெடுத்த ‘ஈழகேசரி’ சுன்னாகத்திலிருந்தே வெளிவந்தது. அதே ஊரின் மதில்களில் இன்று ஆங்கில வகுப்பு விளம்பரங்கள் நிறைந்திருப்பதில் இழிவு எதுவும் இல்லை. அவ்வகுப்புகளுக்குள் அமர்ந்திருப்போரின் வாழ்வு தமிழில் எழுதப்படாமற் போவதே நமக்கு இழிவாகும். ஆசிரியராகிய நாம் நாளை அவ்வகுப்பொன்றில் நிற்கும்போது, பாடப்புத்தகத்தைத் திறக்குமுன் எதிரே அமர்ந்திருப்பவரிடம் ஒரு வினாவைக் கேட்போம்: நேற்றுவரை என்ன வேலை செய்தீர்கள்? அவர் தரும் விடையிலிருந்தே பாடம் தொடங்கட்டும்.